எலும்புகள் ஆடிய ஐந்தரை நிமிடம்

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டனர். தாய்மொழியின் சிறப்பு, பெற்றோரின் கடமை ஆகிய இரு பொருள்களிலும் ஏற்கெனவே கட்டுரைகள் வந்து சேர்ந்துவிட்டன என்றும் கூறினர். எஞ்சியவற்றுள் நான் நன்கறிந்த பொருள் ஒரு கார்ட்டூன் படம். அதுவும் வண்ணமில்லாத, வசனமில்லாத, 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான ஐந்தரை நிமிடப் படம். விழா மலரிலே எலும்புக்கூடுகளுக்கு என்ன வேலை என்று வினவும் பெற்றோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

'த ஸ்கெலிற்றன் டான்ஸ்' என்பது அப்படத்தின் பெயர். 'எலும்புக்கூட்டு நடனம்' என்று தமிழில் வழங்கலாம். வோல்ட் டிஸ்னியின் நிறுவனம் 'சில்லி சிம்பொனி' என்ற வரிசையில் 1929 முதல் 1939 வரை வெளியிட்ட 75 குறும்படங்களுள் முதலாவது இதுவே. மிக்கி மௌஸ் இதில் தலைகாட்டுவதில்லை. நாயகனும் இல்லை, பகைவனும் இல்லை, கதை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை.

நள்ளிரவு. மின்னல் வெட்டுகிறது. காற்றில் அலையும் கிளையொன்றில் ஆந்தை அமர்ந்திருக்கிறது. தேவாலயக் கோபுரத்தில் மணி அடிக்க, வௌவால்கள் புறப்படுகின்றன. நாயொன்று ஊளையிடுகிறது. கல்லறைக் கற்களின் மேல் இரண்டு கறுப்புப் பூனைகள் சீறிச் சண்டையிட்டுக்கொண்டிருக்கையில் ஓர் எலும்புக்கூடு எழும்புகிறது. பூனைகள் பறந்தடித்து ஓடுகின்றன. எழும்பிய எலும்புக்கூடோ ஆந்தையின் அலறலுக்கே அஞ்சி நடுங்குகிறது! பின்னர் அச்சம் தெளிந்து, தன் மண்டையோட்டைக் கழற்றி ஆந்தையின் மீது வீசி எறிகிறது. இந்த இடத்தில் சிரிக்காத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. பேய்க்கும் பயம் உண்டு என்பதைக் கண்டதும் பிள்ளைகளின் பயம் பாதி போய்விடுகிறது.

அதன்பின் நான்கு எலும்புக்கூடுகள் வரிசையாக நின்று ஆடத் தொடங்குகின்றன. ஒன்று மற்றொன்றின் முள்ளந்தண்டைச் சைலோபோன் வாத்தியமாக்கி எலும்புகளாலேயே தட்டி வாசிக்கிறது. இன்னொன்று ஒரு பூனையைப் பிடித்து, அதன் வாலை நரம்பாக இழுத்து, பெரிய வயலின்போல் மீட்டுகிறது. சேவல் கூவுகிறது. பொழுது விடியப் போகிறது என்ற பதற்றத்தில் நான்கும் ஒன்றோடொன்று மோதி, எவருடைய எலும்பு எவரிடம் என்ற கணக்கில்லாமல் ஒரே குவியலாகிக் குழிக்குள் பாய்கின்றன. இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே விடுபட்டுப் போகின்றன. குழியிலிருந்து ஒரு கை நீண்டு அவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் படம்.

இதனை முழுமையாக நயக்க வேண்டுமாயின், இது வந்த காலத்தைச் சற்று அறிய வேண்டும். பேசாப் படக் காலத்தில் படம் ஊமையாயினும் படமாளிகை ஊமையாக இருந்ததில்லை. திரையின் அருகே ஒருவர் பியானோவோ ஓர்கனோ வாசித்துக்கொண்டிருப்பார். பெரிய படமாளிகையாயின் வாத்தியக் குழுவே இருக்கும். இப்படத்துக்கு இசையமைத்த கார்ல் ஸ்ரோலிங் கன்சாஸ் நகரப் படமாளிகையில் ஓர்கன் வாசித்து வந்தவர். திரையில் குதிரை ஓடினால் குதிரைக்கு வாசிப்பார், மழை பெய்தால் மழைக்கு வாசிப்பார். படம் முன்னே செல்லும், இசை பின்னே ஓடும். 1927 ஒக்ரோபரில் 'த ஜாஸ் சிங்கர்' வெளிவந்து ஒலிப்படத்தின் கதவு திறந்தது. 1928 நவம்பர் 18ஆம் நாள் நியூயோர்க்கின் கொலனி படமாளிகையில் மிக்கி மௌஸ் நடித்த 'ஸ்ரீம்போட் வில்லி' காட்டப்பட்டது. வரைந்த உருவமொன்று தாளம் பிசகாமல் இசையோடு இயங்குவதைக் கண்டு மக்கள் வியந்தனர்.

அந்த வியப்பின் இரகசியம் ஓர் எளிய கணக்கு. நமது மாணவர்களும் செய்து பார்க்கலாம். ஒலிப்படச் சுருளில் வினாடிக்கு 24 படங்கள் ஓடும். வினாடிக்கு இரண்டு தட்டு வீதம் தாளம் அமைந்தால், தட்டு ஒன்றுக்குப் 12 படங்கள். ஆகவே ஒவ்வொரு 12ஆவது படத்திலும் பாதம் நிலத்தைத் தொடும்படி வரைந்துவிட்டால், பாதம் தாளத்தை விட்டு விலக வழியே இல்லை. பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. நட்டுவாங்கம் செய்பவர் சற்று விரைந்தால் ஆடுபவரும் விரைந்து சமாளிப்பார். வரைந்த உருவத்துக்கோ சமாளிக்கத் தெரியாது. எனவே வாத்தியக் குழுதான் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நடத்துநர் பார்ப்பதற்காகப் படச்சுருளிலேயே துள்ளித் துள்ளி எழும் அடையாளமொன்றை இட்டு வைத்து, அதைப் பார்த்துத் தாளம் காக்கச் செய்தார்கள்.

இங்கேதான் ஸ்ரோலிங்குக்கும் டிஸ்னிக்கும் இடையே கருத்து மாறுபாடு தோன்றியது. எது முதல்? படமா, இசையா? மிக்கி படங்களில் நகைச்சுவை முதலிலும் இசை அதற்கு ஏற்பவும் வரட்டும், இன்னொரு வரிசையில் இசை முன்னே நடக்கப் படம் பின்தொடரட்டும் என்று உடன்பாடு கண்டார்கள். அந்த இரண்டாவது வரிசையே சில்லி சிம்பொனி. எலும்புக்கூடுகளை ஆட விடலாம் என்ற எண்ணமும் ஸ்ரோலிங் கொடுத்ததே. ஆண்டாண்டாகத் திரையின் பின்னால் ஓடிய ஓர்கன் வாசிப்பாளர் ஒருவருக்கு, தம் பின்னால் திரையை ஓடவிடும் ஆசை இருந்திருக்காதா என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

படத்தின் பெரும்பகுதியைத் தம் கையாலேயே வரைந்தவர் அப் ஐவேர்க்ஸ். டிஸ்னி பிறந்த அதே 1901இல் பிறந்தவர், இளமை நண்பர். முதன்மையான நிலைகளை மட்டும் அவர் வரைந்தாற் போதும், இடைப்பட்டவற்றை உதவியாளர் வரையட்டும் என்பது டிஸ்னியின் எண்ணம். ஐவேர்க்ஸ் அதற்கு இணங்கவில்லை. ஓர் அசைவின் உயிர் இடையில்தான் இருக்கிறது என்று அவர் கருதினார் போலும். ஐந்தரை நிமிடத்தை வினாடிக்கு 24 வீதம் பெருக்கிப் பார்த்தால் 7,900க்கு மேல் வருகிறது. ஒரே வரைபடத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியிருப்பதால் வரைந்தவை இதைவிடக் குறைவே. ஆயினும் சிறிய வேலையன்று. 1930இல் ஐவேர்க்ஸ், ஸ்ரோலிங் இருவருமே டிஸ்னியை விட்டுப் பிரிந்தனர். ஐவேர்க்ஸ் 1940இல் திரும்பி வந்தார். ஸ்ரோலிங் 1936 முதல் வோர்னர் நிறுவனத்தில் பணிபுரிந்தார். முயல் பக்ஸ் பனியின் துள்ளலுக்கெல்லாம் இசை தந்தவர் இவரே.

படம் முடிந்ததும் விநியோகத்தர் முகம் சுளித்தனர். கல்லறையில் ஆடும் எலும்புகளை எவர் பார்ப்பார், எலியையே இன்னும் கொடுங்கள் என்பது அவர்கள் நிலை. லொஸ் ஏஞ்சல்ஸின் கார்தே சேர்க்கிள் படமாளிகையில் திரையிட்டபோது மக்கள் ஆரவாரித்தனர். பின்னர் நியூயோர்க்கின் ரொக்சி படமாளிகைக்கும் சென்றது. அப்பொழுது தமிழில் ஒலிப்படம் என்ற ஒன்றே இல்லை. 'காளிதாஸ்' வெளிவர இன்னும் ஈராண்டு இருந்தது.

நான் இப்படத்தை முதன்முதலிற் கண்டது 1986ஆம் ஆண்டின் இறுதியில். நோர்வேக்கு வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அக்காலத்தில் வந்த இளைஞர் பலரைப் போலவே நானும் விடுதியோடு கூடிய மக்கள் கல்லூரி ஒன்றில் மாணவனாகச் சேர்ந்திருந்தேன். வடக்கே, கடலோரச் சிற்றூர். சூரியன் எழாத மாதங்கள். நாற்பது மாணவருள் நாங்கள் தமிழர் மூவர். எனக்குத் தெரிந்த நோர்வே மொழி ஆம், இல்லை, நன்றி என்ற மூன்று சொற்களோடு முடிந்தது.

மொழி அறியாதவனுக்கு உணவும் கிடைக்கும், படுக்கையும் கிடைக்கும், சிரிப்பு மட்டும் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. இரவு உணவு மேசையில் யாராவது ஒரு பகிடி சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நாங்கள் மூவரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்போம். நல்ல மனம் படைத்த ஒருவர் அதை ஆங்கிலத்தில் எடுத்து விளக்குவார். நாங்கள் விளங்கிக்கொண்டு சிரிக்கும்போது அவர்கள் சிரித்து முடித்து உருளைக்கிழங்குக்குத் திரும்பியிருப்பார்கள். அந்தப் பிந்திய சிரிப்பின் கூச்சத்தை இம்மலரைப் படிக்கும் பெற்றோர் பலர் அறிவர். மரியாதைக்காகச் சிரிப்பது போன்ற களைப்பு வேறொன்றில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஆசிரியர் ஒருவர் உணவு மண்டபத்தில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டி, 16 மில்லிமீற்றர் படக்கருவியில் பழைய படங்களைக் காட்டினார். இரண்டாவதாக வந்தது இந்தப் படம். மண்டையோடு ஆந்தையை நோக்கிப் பறந்தது. நாற்பது பேரும் சிரித்தோம். ஒரே கணத்தில் சிரித்தோம். எவரும் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டு ஒன்றுக்குப் 12 படம் என்ற கணக்கெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் தாளம் எங்கே விழும் என்பது யாழ்ப்பாணத்தானுக்கும் தெரிந்திருந்தது, வட நோர்வே மீனவரின் மகனுக்கும் தெரிந்திருந்தது. அந்த நாட்டில் நான் நேரத்துக்குச் சிரித்த முதற் சிரிப்பு அது.

சிரிப்பின் நடுவே அருகிலிருந்த நோர்வே மாணவன் திடுக்கிட்டு நிமிர்ந்து, "கிறீக்! கிறீக்!" என்றான். எலும்புகள் கிறீச்சிடுவதைச் சொல்கிறானாக்கும் என்று நானும் தலையாட்டினேன். எட்வர்ட் கிறீக் என்பது நோர்வேயின் புகழ்பெற்ற இசைமேதையின் பெயர் என்பதைப் பின்னரே அறிந்தேன். 1843இல் பேர்கன் நகரில் பிறந்து 1907இல் மறைந்தவர். பியானோவுக்காக அவர் இயற்றிய சிறு இசைப்பாக்களுள் 'துரோல்தோக்' என்பது ஒன்று. 1891இல் வெளிவந்தது. துரோல் என்பன நோர்வேயின் மலைகளில் உறைவதாகச் சொல்லப்படும் பூதங்கள். எனவே 'பூதங்களின் ஊர்வலம்' எனலாம். ஸ்ரோலிங் தாமே இயற்றிய இசையோடு இந்தப் பூத ஊர்வலத்தையும் எடுத்துச் சேர்த்திருக்கிறார். பலர் இதனைப் பிரெஞ்சு இசைஞர் சேன்-சோன்ஸ் 1874இல் இயற்றிய 'மரண நடனம்' என்றே எழுதிவிடுகின்றனர். எலும்பின் ஓசைக்குச் சைலோபோனை எடுத்தாண்டவர் அவர் என்பது உண்மை. இப்படத்திலே கேட்பது கிறீக்கின் இசை. பல்லாண்டுகளின் பின் எங்கள் மகள் பியானோ பயின்றபோது ஒரு மாலை அதே ஊர்வலம் வீட்டுக்குள் புறப்பட்டது. சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியால் தாளம் போட்டேன். பிள்ளை முறைத்தாள்.

1929இல் வெளியான படங்கள் 2025 சனவரி முதலாம் நாள் அமெரிக்காவில் பொதுவுடைமையாயின என்ற செய்தியைப் படித்தபோது, இப்படம் மீண்டும் நினைவில் எழுந்தது. வீட்டிலிருந்த இறுவட்டை எடுத்துத் தனியே பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், நடுப்பகுதி சற்று இழுபடுகிறது. ஒரே அடவு திரும்பத் திரும்ப வருகிறது. கைகால்கள் ரப்பர் குழாய்போல் வளைகின்றன. எலும்பு வளையுமா என்று கேட்டால் விடையில்லை. 1932இல் வண்ணம் வந்த பின் இதே வரிசையில் வந்த படங்கள் இதனினும் அழகானவை. ஆனால் அவற்றில் ஏதாவதொரு கதை வந்து பாட்டின் தோளில் ஏறிக்கொள்கிறது. இதில் தாளம் மட்டுமே இருக்கிறது. அதனாலேயே இதனை வகுப்புக்குக் கொண்டு செல்லலாம் என்று தோன்றியது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1986இல் உணவு மேசையில் நாங்கள் இருந்த இடத்தில் இன்று நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், தமிழ் மேசையிலே. அம்மம்மா ஒரு பகிடி சொல்கிறார். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாய் நோர்வே மொழியில் விளக்குகிறார். பிள்ளை மரியாதைக்காகச் சிரிக்கிறது, பிந்தி. எழுத்துப்பிழை திருத்துவதற்கும் திருக்குறள் மனனம் செய்விப்பதற்கும் நம்மிடம் பாடநூல் உண்டு. இதற்குப் பாடநூல் இல்லை.

அவ்வாண்டின் இலையுதிர்காலச் சனிக்கிழமை ஒன்றில் ஆறாம் வகுப்பு மாணவர் பதினான்கு பேருக்கு இப்படத்தைக் காட்டினேன். துரோல்தோக் ஒலித்ததும் மூவர் கையுயர்த்தினர். நோர்வேப் பாடசாலையில் படித்திருக்கிறார்கள். "சேர், இது முதல் காட்டின துண்டுதானே, திருப்பிப் போடீனம்" என்று ஒரு மாணவன் படத்தின் குறையைக் கண்டுபிடித்துவிட்டான். பூனையின் வாலை இழுத்தது குற்றம் என்று ஒரு மாணவி வாதிட்டாள். அவள் வீட்டிற் பூனை வளர்க்கிறாள். கடைசிக் காட்சியில் ஒருவன் எழுந்து நின்று, "சேர், அந்தக் கையும் அந்தக் காலும் ஒரே ஆளின்ரையோ?" என்றான். நான்கு பேருடைய எலும்பும் கலந்துபோன பின்னர் எப்படிச் சொல்வது? திரும்பவும் போட்டுப் பார்த்தோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

பின்னர் சொற்களுக்கு வந்தோம். மண்டையோடு, தாடை, விலா, முள்ளந்தண்டு, முழங்காற் சில்லு எல்லாவற்றையும் பலகையில் எழுதிக் கொடுத்தேன். பெயர்ச் சொற்கள் விரைவில் வந்துவிட்டன. அவை எழுப்பும் ஓசையை எப்படிச் சொல்வது என்ற கேள்வி எழுந்ததும் வகுப்பு களைகட்டியது. எலும்பு கடகடவென்று ஆடியது, லொடலொடவென்று கழன்றது, பற்கள் நறநறவென்றன, கால்கள் தடதடவென்று ஓடின, வௌவால் படபடவென்று பறந்தது. சென்ற ஆண்டு இரட்டைக்கிளவி என்ற பாடத்தை வரைவிலக்கணத்தோடு கற்பித்தபோது கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள், அன்று புதிய கிளவிகளைத் தாமே உண்டாக்கத் தொடங்கினர். சைலோபோனுக்கு ஒருத்தி "டிங்கிடிங்கி" என்றாள். இலக்கண நூலார் ஒப்புவாரோ அறியேன், நான் ஒப்பினேன்.

"எங்கடை ஊர்ப் பேய்க்கு ஏன் எலும்பில்லை?" என்று ஒரு சிறுவன் கேட்டான். நான் விடை தேடுவதற்குள் அருகிலிருந்தவள், "நாங்கள் எரிக்கிறம், பிறகு எங்காலை எலும்பு?" என்று தீர்த்து வைத்தாள். உடனே கிறித்தவ மாணவன் ஒருவன், தன் அப்பம்மாவைப் புதைத்தார்கள் என்றும், அவர் ஆடமாட்டார், அவருக்கு முழங்கால் வருத்தம் என்றும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். காரைக்கால் அம்மையார் என்றொரு புலவர் திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும் அங்கே ஆடும் பேய்களையும் பாடியிருக்கிறார், தம்மையும் அப்பேய்களுள் ஒருவராகவே சொல்லிக்கொள்கிறார் என்று கூறினேன். கலிங்கத்துப்பரணியிலே பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைப்பதையும் சொன்னேன். கூழ் என்றதும் நம் ஆடிக்கூழா என்று ஒருவன் ஆவலோடு கேட்டான். அதன் சேர்மானத்தை அந்த வயதினருக்குச் சொல்வது முறையன்று என்று விட்டுவிட்டேன்.

வீட்டு வேலையாக ஒன்று கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்கு, படத்தைக் காட்டாமல், தமிழிலே சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை பதினான்கு பேரில் ஐவர் வெற்றி பெற்றதாக அறிவித்தனர். ஒருவனுடைய தாத்தா சிரிக்கவில்லையாம், ஆனால் பதிலுக்குத் தமது ஊர்ச் சுடலைப் பேய்க் கதையொன்றை அரைமணி நேரம் சொன்னாராம். மற்றொருத்தி கொழும்பிலுள்ள அம்மம்மாவுக்குத் தொலைபேசியிற் சொன்னாள். "முள்ளந்தண்டு" என்ற சொல் நினைவுக்கு வராமல், "முதுகிலை இருக்கிற ஏணி" என்று சொல்லியிருக்கிறாள். அம்மம்மா அதற்கே விழுந்து விழுந்து சிரித்தாராம். பேத்தியும் சேர்ந்து சிரித்தாளாம், தாயின் முகத்தைப் பாராமல். அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

படம் காட்டிய அன்று நடந்த இன்னொன்றையும் எழுத வேண்டும். 2025ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தின் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் மனித எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஆண்டு. இருநூறுக்கும் மேல். சிறு பிள்ளைகளுடையவையும் அவற்றுள் இருந்தன. மாதக்கணக்காக அந்தப் படங்கள் நம் வீடுகளின் தொலைக்காட்சிகளில் வந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஆண்டில் எலும்புக்கூடுகள் ஆடும் படத்தைத் தமிழ்ப் பாடசாலையில் காட்டலாமா என்று பலமுறை யோசித்தேன். பிள்ளைகள் அந்தச் செய்திப் படங்களையும் கண்டிருந்தார்கள். எலும்பு என்றால் இனி அது ஒன்றுதான் என்று அவர்கள் வளர வேண்டாம் என்பது என் எண்ணம். பெற்றோர் அனைவருக்கும் ஒரு வாரம் முன்னதாகக் கடிதம் அனுப்பி, என்ன காட்டப் போகிறேன் என்பதைத் தெரிவித்தேன். விருப்பமில்லாதவர் பிள்ளையை அந்த ஒரு பாடத்துக்கு அனுப்பாமல் விடலாம் என்றும் எழுதியிருந்தேன்.

எவரும் பிள்ளையை நிறுத்தவில்லை. ஒரு தந்தை மட்டும் வகுப்புத் தொடங்குமுன் என்னிடம் வந்தார். அவருடைய தமையன் 1996இல் வீட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர், திரும்பவில்லை. "பிள்ளையளுக்குக் காட்டுங்கோ, மாஸ்டர். அதிலை ஒண்டுமில்லை. எனக்குத்தான் பாக்கேலாது. நான் வெளியிலை நிக்கிறன்" என்றார். நடைவழியில் மேலங்கிகள் தொங்கும் இடத்தில் வாங்கில் அமர்ந்தார். கதவைச் சாத்தினோம். சாத்தினாலும் சைலோபோனும் பிள்ளைகளின் சிரிப்பும் அவருக்குக் கேட்டிருக்கும்.

பாடம் முடிந்து பிள்ளைகள் மேலங்கி தேடி வெளியே ஓடினார்கள். அவருடைய மகள் நேரே அவரிடம் போய், மூச்சு விடாமல், கைகளாலும் தமிழாலும் படத்தைச் சொல்லத் தொடங்கினாள். ஆந்தை, பூனை, விலா, கடகட, லொடலொட. இடையில் ஒரு நோர்வேச் சொல் வந்தது, உடனே திருத்திக்கொண்டாள். அவர் அவளுடைய சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான்கும் குழிக்குள் பாய்ந்ததையும் இரண்டு பாதங்கள் வெளியே விடுபட்டுப் போனதையும் அவள் சொன்னபோது அவர் கை நின்றது.

"பிறகு அந்தக் கால் போய்ச் சேர்ந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா, உள்ளுக்கை இருந்து ஒரு கை வந்து கூட்டிக்கொண்டு போனது" என்றாள்.

அவர் மற்றச் சப்பாத்தின் நாடாவையும் கட்டிவிட்டார். இருவரும் பேருந்துக்குப் போனார்கள்.